தேசங்களின் கூடாரத்தில் திருச்சபை: 2013ஆம் ஆண்டு வெனிஸ் கலைக்காட்சி பற்றிய ஒரு திறனாய்வு

திருச்சபை தன்னை உலகின் முன் எவ்வாறு நிறுத்துகிறது என்பதை அதன் விசுவாச அறிக்கைகளிலும் மாமன்றத் தீர்மானங்களிலும் மட்டுமே தேடுவது இறையியலாரின் வழக்கம். ஆயினும் ஒரு சபை தான் எழுப்பும் சுவர்களாலும், அச்சுவர்களில் தான் மாட்டுகின்றவற்றாலும், மாட்டாமல் விடுகின்றவற்றாலும் தன் இறையியலை வெளியிட்டுவிடுகிறது. அறிக்கையில் மறைந்திருப்பது அறையில் வெளிப்படுவதுண்டு. 2013ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில் வெனிஸ் நகரில் திறக்கப்பட்ட 55ஆவது பன்னாட்டுக் கலைக்காட்சியில், போப்பாண்டவரின் திருப்பீடம் முதன்முறையாகத் தனக்கென ஒரு காட்சிக்கூடம் அமைத்தது. இந்நிகழ்ச்சியைக் கலையுலகின் செய்தி என்று ஒதுக்கிவிடவும், உரோமைச் சபையின் சொந்த விவகாரம் என்று கடந்துவிடவும் நம்மால் இயலாது. தேசங்கள் தம் கொடிகளோடு வந்து நிற்கும் இடத்தில் சபை என்னவாக நிற்கும் என்னும் கேள்வி எல்லாச் சபைகளுக்கும் உரியது. அச்சிட்ட விளக்கங்களும் படங்களும் தருவனவற்றைக் கொண்டு அக்கூடத்தை இங்கு ஆராய்வோம்.

1. நெடுங்கால மனத்தாங்கல்

வெனிஸ் கலைக்காட்சி 1895ஆம் ஆண்டு தொடங்கியது. ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறுவதால் இத்தாலிய மொழியில் அது 'பியெனாலே' எனப் பெயர் பெற்றது. 1907ஆம் ஆண்டு பெல்ஜியம் காட்சித் தோட்டத்தில் தனக்கென ஒரு கட்டடம் எழுப்பியது. பிரிட்டன், ஜெர்மனி, ஹங்கேரி முதலிய நாடுகள் பின்தொடர்ந்தன. இவ்வாறு ஒவ்வொரு நாடும் தன் கலைஞரைத் தன் கூரையின்கீழ் நிறுத்தும் முறை உருவாயிற்று. அத்தோட்டத்தில் இடம் பெறாத நாடுகள் பழைய கப்பல் கட்டும் தளமாகிய ஆர்சனாலேயிலும் நகரத்து மாளிகைகளிலும் இடம் பெற்றன. நம் இந்திய நாடும் 2011ஆம் ஆண்டு ஆர்சனாலேயில் ஒரு காட்சிக்கூடம் அமைத்ததை வாசகர் அறிந்திருக்கலாம்.

சபைக்கும் இக்காட்சிக்கும் இடையே தொடக்கத்திலிருந்தே மனத்தாங்கல் இருந்தது. முதற் காட்சியில் ஜாக்கொமோ குரோசோ என்னும் ஓவியர், சவப்பெட்டி ஒன்றைச் சூழ்ந்து ஆடையற்ற பெண்கள் நிற்பதாக ஓர் ஓவியம் தீட்டி அனுப்பினார். அதைக் காட்சிக்கு வைக்கலாகாது என்று வெனிஸ் நகரின் பேராயரான கர்தினால் ஜுசெப்பே சார்த்தோ நகரத் தலைவருக்கு எழுதினார். எழுத்தாளர் அந்தோனியோ போகட்சாரோவின் தலைமையில் கருத்துரைக்க அமைந்த குழுவோ, அது பொது ஒழுக்கத்துக்குக் கேடன்று எனத் தீர்ப்பளித்தது. ஓவியம் தனியறையில் வைக்கப்பட்டது. மக்கள் வாக்கினால் பரிசும் பெற்றது. அந்தக் கர்தினாலே 1903ஆம் ஆண்டு பத்தாம் பத்திநாதர் என்னும் பெயரோடு போப்பாண்டவரானார்.

தடை கேட்டுக் கடிதம் எழுதிய சபை தானே கூடம் அமைக்க முன்வர 118 ஆண்டுகள் ஆயின. இடையில் நிகழ்ந்த மாற்றங்களையும் சொல்ல வேண்டும். 1964ஆம் ஆண்டு மே மாதம் ஆறாம் பவுல் சிஸ்டின் சிற்றாலயத்தில் கலைஞரைச் சந்தித்து, சபைக்கும் அவர்களுக்குமிடையே முறிந்த நட்பைப் புதுப்பிக்க விழைந்தார். 1973இல் வத்திக்கான் அருங்காட்சியகத்தில் தற்காலச் சமயக் கலைக்கென ஒரு பிரிவைத் திறந்தார். 2009 நவம்பரில் பதினாறாம் பெனடிக்ட் அதே சிற்றாலயத்தில் கலைஞரை மீண்டும் கூட்டினார். இச்சந்திப்புகளின் தொடர்ச்சியாகவே, வேத அறிஞரும் பண்பாட்டு மன்றத் தலைவருமான கர்தினால் ஜான்பிராங்கோ ரவாசியின் பொறுப்பில், வத்திக்கான் அருங்காட்சியக இயக்குநர் அந்தோனியோ பாவலூச்சியின் அமைப்பில் 2013ஆம் ஆண்டுக் கூடம் உருவாயிற்று.

2. தெரிந்தெடுத்த திருமறைப் பகுதி

கூடத்துக்கு 'ஆதியிலே' எனப் பெயரிட்டனர். ஆதியாகமத்தின் முதல் பதினொரு அதிகாரங்களே அதன் பொருள். அப்பகுதியைப் படைப்பு, படைப்பின் சிதைவு, மறுபடைப்பு என மூன்றாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு கலைஞரிடமோ கலைக்குழுவிடமோ ஒப்படைத்தனர். பீடத்தில் வைத்து வணங்கத்தக்க படங்களோ வழிபாட்டுப் பொருள்களோ அங்கே இடம் பெறவில்லை.

இத்தேர்வு மிகவும் பொருத்தமானது என்பது நமது கருத்து. இப்பதினொரு அதிகாரங்களில் இஸ்ரவேல் என்னும் இனம் இன்னும் தோன்றவில்லை, பலிபீடம் உண்டு, ஆலயமில்லை, நியாயப்பிரமாணமில்லை, ஆசாரியத்துவமில்லை. பத்தாம் அதிகாரம் பூமியின் தேசங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கிறது. பதினோராம் அதிகாரம் அத்தேசங்கள் ஒன்றுகூடித் தமக்கொரு பெயர் உண்டாக்கக் கோபுரம் கட்டிய கதையைச் சொல்கிறது. 88 நாடுகள் தத்தம் பெயர் விளங்கக் கூடங்கள் அமைத்திருந்த நகரில் இவ்வதிகாரங்களைவிட ஏற்ற பகுதியைத் தேடிக் காண்பது அரிது. சபை தனக்கு மட்டும் உரிய ஒன்றை உயர்த்திக் காட்டாமல், மாந்தர் யாவர்க்கும் பொதுவான கதையை எடுத்துக்கொண்டது பாராட்டத்தக்கது.

ஆனால் திருமறைப் பகுதியைச் சரியாகத் தெரிந்தெடுத்தவர் யாவரும் சரியாகப் பிரசங்கித்துவிடுவதில்லை என்பதைப் பிரசங்கபீடம் நன்கறியும். ஆகவே மூன்று அறைகளையும் தனித்தனியே நோக்குவோம்.

3. முதல் அறை: தொட்டால் பேசும் படைப்பு

வாயிலில் தானோ பெஸ்தா என்னும் இத்தாலிய ஓவியரின் படைப்புகள் வைக்கப்பட்டிருந்தன. சிஸ்டின் சிற்றாலயத்து மைக்கலாஞ்சலோவை இருபதாம் நூற்றாண்டுக் கண்ணோடு மீண்டும் நோக்கியவை அவை. அவற்றைக் கடந்தால் முதல் அறை. மிலான் நகரத்து ஸ்டூடியோ அசூரோ என்னும் குழுவினர் அங்கே இருளில் ஒளிரும் அசையும் படங்களை அமைத்திருந்தனர். பார்வையாளர் கைநீட்டித் தொட்டால் படத்திலுள்ள உருவம் அசைந்து அவரை நோக்கி வரும். காது கேளாதோர் சைகை மொழியில் பேசினர். சிறைப்பட்டோர் தம் வாழ்க்கையிலிருந்து சில சொல்லினர்.

இங்கு இறையியல் நோக்கில் ஒரு சிக்கல் எழுகிறது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் அழைப்பவர் கடவுள். பதில் கொடுப்பது படைப்பு. ஒளிக்கும் நீருக்கும் நிலத்துக்கும் அவருடைய வார்த்தை முந்தியது. இவ்வறையிலோ முந்துவது பார்வையாளரின் கை. அவர் தொட்டால் உருவம் விழிக்கிறது. கையை எடுத்தால் அடங்குகிறது. படைப்பாளருக்குரிய இடம், அறியாமலே, பார்ப்பவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. இயந்திரத்தின் விந்தையில் மனம் மயங்கும் காலத்தில் இது சிறு பிழையன்று. தொட்டவுடன் பதில் சொல்லும் உலகமே நமக்கு வேண்டிய உலகம். ஆனால் ஆதியாகமம் காட்டும் உலகம் நம் விருப்பத்துக்குக் காத்திருப்பதன்று.

எனினும் அதே அறையில், அமைத்தவர்களின் திட்டத்தையும் விஞ்சிய ஒரு நன்மை உண்டு. ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் ஆதாம் உயிர்களுக்குப் பெயரிடுகிறான். அப்பெயரிடுதலைக் குரலால் மட்டுமே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். கேளாதவர் ஒருவர் தம் இரு கைகளால் பேசும்போது, மொழி என்னும் வரம் தொண்டையில் மட்டும் தங்கியிருப்பதன்று என்பது விளங்குகிறது. விசுவாசம் கேள்வியினால் வரும் என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தைக் கொண்டு ஓயாமல் போதிக்கும் நம் சபைகளில், கேளாதவர் எத்தனை ஆராதனைகளில் வார்த்தையைப் பெறுகிறார்கள்? உரோமைச் சபையின் அறையொன்று சீர்திருத்தச் சபையைக் கேட்கும் கேள்வி இது. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் நாமே.

4. இரண்டாம் அறை: சிதைவின் சாட்சி

இரண்டாம் பகுதி யோசெப் கௌதெல்கா என்னும் செக் நாட்டுப் புகைப்படக் கலைஞருடையது. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராக் நகரில் நுழைந்தபோது தெருவில் நின்று படமெடுத்தவர் அவர். அப்படங்கள் நாட்டுக்கு வெளியே கடத்தப்பட்டு, எடுத்தவர் பெயரின்றி வெளியாயின. 1970இல் அவர் தாய்நாட்டை விட்டு வெளியேறி, நெடுங்காலம் நாடற்றவராகவே வாழ்ந்தார். பின்னாளில், போரினாலும் சுரங்கங்களாலும் தொழிற்சாலைகளாலும் பாழான நிலங்களை மிக அகன்ற கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். அத்தகைய படங்களே இங்கே வைக்கப்பட்டிருந்தன.

மூன்று அறைகளிலும் இதுவே வலிமை மிக்கது எனத் தயங்காமல் கூறுவோம். காரணம் எளிது. இப்படங்கள் ஆதியாகமத்துக்கு விளக்கப்படமாக எடுக்கப்பட்டவை அல்ல. தாம் கண்டதைக் கண்டபடி பதிவு செய்தவர் ஒருவரின் சாட்சி, பின்னர் திருமறையின் அருகே கொண்டுவந்து வைக்கப்பட்டது. காயீன் நிலத்தைப் பற்றிக் கேட்ட சாபமும், நோவாவின் நாளில் பூமி கொடுமையினால் நிறைந்திருந்தது என்னும் கூற்றும், பாபேலின் கைவிடப்பட்ட செங்கற்களும் அங்கே ஒருவரும் சுட்டிக்காட்டாமலே நினைவுக்கு வருகின்றன.

இவ்விடத்தில் ஜான் கால்வினின் கருத்தொன்றை நினைவுகூர்வது நலம். சிலைகளையும் படங்களையும் வழிபாட்டிலிருந்து அகற்றியவர் என்பதால் அவரைக் கலையின் பகைவர் எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் அவர் தமது 'இன்ஸ்டிடியூட்ஸ்' நூலின் முதற் புத்தகம் பதினோராம் அதிகாரத்தில், சிற்பமும் ஓவியமும் கடவுளின் கொடைகள் என்றே ஒப்புக்கொள்கிறார். கண்களால் காணக்கூடியவற்றை மட்டுமே தீட்ட வேண்டும் என்பதே அவர் விதித்த வரம்பு. வரலாற்று நிகழ்ச்சிகளும் காணக்கூடிய உருவங்களும் அவ்வரம்புக்குள் அடங்கும். கடவுளின் மாட்சிமை அடங்காது.

இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால், முதல் அறையின் இடர்ப்பாடும் இரண்டாம் அறையின் வெற்றியும் ஒருங்கே விளங்கும். படைப்பின் தொடக்கத்தை எவரும் கண்டதில்லை. அதைக் காட்ட முற்படுவோர் இயந்திர விந்தையின் துணையை நாட வேண்டியதாகிறது. சிதைவையோ நாம் யாவரும் கண்டிருக்கிறோம். வெட்டுண்ட நிலமும் இடிந்த நகரமும் எந்தக் கலைஞரின் கற்பனைக்கும் காத்திருக்கவில்லை. ஆகவே ஜெனீவாவின் சீர்திருத்தவாதி ஏற்கத்தக்க அறை, உரோமையின் கூடத்தின் நடுவிலேயே அமைந்துவிட்டது.

இதே நோக்கில், பவுல் டில்லிக் பிக்காசோவின் 'குவெர்னிக்கா' ஓவியத்தைப் புராட்டஸ்டண்டு ஓவியம் என்று கூறியதும் நினைவில் கொள்ளத்தக்கது. மனிதரின் நிலையை மூடி மறைக்காமல் காட்டும் துணிவே அவ்வாறு கூற அவருக்குக் காரணமாயிற்று. அவ்வோவியம் 1937ஆம் ஆண்டு பாரிஸ் நகரப் பன்னாட்டுக் காட்சியில் ஸ்பெயின் குடியரசின் காட்சிக்கூடத்துக்கென்றே தீட்டப்பட்டது. அக்கண்காட்சியில் ஜெர்மனியும் சோவியத் நாடும் தம் வல்லமையை உயர்ந்த கட்டடங்களாகக் காட்டியபோது, ஸ்பெயின் குடியரசு குண்டுவீச்சில் எரிந்த ஓர் ஊரைக் காட்டியது. நாட்டுக் காட்சிக்கூடம் என்பது பெருமை பேசுவதற்கே உரியதன்று, புலம்பலுக்கும் அது இடந்தரும் என்பதற்கு இதுவே சான்று.

5. மூன்றாம் அறை: ஒட்டுப்போட்ட துணி

ஆஸ்திரேலியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்து 2019ஆம் ஆண்டு மறைந்த லாரன்ஸ் கரோல் என்னும் ஓவியரிடம் மறுபடைப்பு ஒப்படைக்கப்பட்டது. கழித்தெறியப்பட்ட பொருள்களையும் பழந்துணிகளையும் சேர்த்து ஒட்டி, வெளிறிய நிறம் பூசி ஓவியமாக்குவது அவர் முறை. உருவமெதுவும் அவற்றில் இல்லை. ஓர் ஓவியத்தில் குளிரூட்டும் கருவி பொருத்தப்பட்டு, அதன்மேல் நீர் உறைவதும் உருகுவதுமாக இருந்தது.

மறுபடைப்பைக் காண விரும்பி வருவோர்க்கு இவ்வறை ஏமாற்றமளிக்கும் என்பதை மறுக்கவில்லை. வெற்றியின் முழக்கம் எதுவும் அங்கில்லை. ஆனால் அவ்வேமாற்றத்தை நாம் குறையாகக் கொள்ளவில்லை. ஆதியாகமத்தின் பதினோராம் அதிகாரம் எவ்வாறு முடிகிறது? தேராகு தன் குடும்பத்தோடு கானானுக்குப் புறப்பட்டு, பாதி வழியில் ஆரானில் தங்கி, அங்கேயே மரிக்கிறான். வாக்குத்தத்தம் பன்னிரண்டாம் அதிகாரத்தில்தான் வருகிறது. பதினோராம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் முழு மறுபடைப்பைக் காட்டுவதற்கு உரிமை இல்லாதவர்கள். ஒட்டுப்போட்டு, முடிவுறாமல், வழியில் தங்கிய நிலையே அப்பகுதிக்கு ஏற்றது. உறைந்து உருகும் அந்நீரும் பொருளற்றதன்று. பெருவெள்ளத்துக்குப் பின், குளிரும் வெப்பமும் மாறி மாறி வருதல் ஒழியாது என்று எட்டாம் அதிகாரத்தின் இறுதி உறுதி கூறுகிறது. பெருவெள்ளத்துக்குப் பின் உலகுக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அதுவே. ஓவியர் அதை எண்ணிச் செய்தாரோ இல்லையோ, திருமறையை அறிந்த கண் அதைக் காணும்.

6. அண்டை அயலார்

ஒரு கூடத்தைத் தனியே நோக்கினால் போதாது. அக்கம்பக்கத்தையும் நோக்க வேண்டும். 2013இல் முதன்முறையாக வந்த நாடுகள் பத்து. அவற்றுள் மாலத்தீவும் துவாலுவும் இருந்தன. கடல்மட்டம் உயர்ந்தால் தம் நிலமே மூழ்கிவிடும் என்னும் அச்சத்தையே அவ்விரு சிறு நாடுகளும் தம் கூடங்களின் பொருளாக்கின. ஒருபுறம் நோவாவின் வெள்ளத்தை உள்ளடக்கிய அதிகாரங்களைச் சபை காட்டிக்கொண்டிருந்தது. மறுபுறம் மெய்யான வெள்ளத்துக்கு அஞ்சி நிற்கும் மக்கள் அதே நகரில் குரல் கொடுத்தனர். வெனிஸ் நகரமும் நீரின் அச்சத்தோடு வாழும் நகரமே. ஆயினும் திருப்பீடத்தின் கூடத்தில் இவ்வண்டை வீட்டாரின் குரல் நுழைய வழியில்லை. அமைத்தவர்கள் அதைத் தடுத்தனர் என்று சொல்ல மாட்டோம். ஒவ்வொரு நாட்டையும் தனித்தனி அறைக்குள் அடைக்கும் முறையே தடையாயிற்று.

அவ்வாண்டு சிறந்த நாட்டுக் கூடத்துக்கான பொற்சிங்க விருதைப் பெற்றதும் முதன்முறையாக வந்த ஒரு நாடே. ஆப்பிரிக்காவின் அங்கோலா, சீனி மாளிகை என்னும் பழைய மாளிகையில், மறுமலர்ச்சிக் காலக் கிறிஸ்தவ ஓவியங்கள் தொங்கும் அறைகளுக்குள், எட்சன் சாகாஸ் எடுத்த படங்களை வைத்தது. லுவாண்டா நகரத் தெருக்களில் கைவிடப்பட்ட பொருள்களின் படங்கள் அவை. அடுக்கடுக்காகத் தரையில் வைக்கப்பட்டு, வந்தவர் எடுத்துச் செல்லக் கொடுக்கப்பட்டன. கன்னி மரியாளும் குழந்தை இயேசுவும் சுவரிலிருந்து நோக்க, கீழே ஒரு வறிய நகரத்தின் உடைந்த நாற்காலி. நவீனமாகத் தோன்ற விரும்பிய திருப்பீடம் தன் பழைய ஓவியங்களை வீட்டில் விட்டு வந்தது. அங்கோலாவோ அயலாரின் கிறிஸ்தவ ஓவியங்களின் முன் தன் வறுமையை வெட்கமின்றி வைத்தது. நற்செய்தியின் தொனி எங்கே மிகுதியாகக் கேட்டது என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

7. சபை ஒரு தேசமா?

இனி அடிப்படைக் கேள்விக்கு வருவோம். 1929ஆம் ஆண்டு இலாத்தரன் உடன்படிக்கையால் ஏற்பட்ட வத்திக்கான் அரசு 44 ஹெக்டேர் நிலப்பரப்புடையது. ஆயினும் கூடத்தின் வாயிலில் அவ்வரசின் பெயரின்றித் திருப்பீடத்தின் பெயரே பொறிக்கப்பட்டது. ஆக, நாடுகளுக்குரிய உரிமையைக் கொண்டு நாடல்லாத ஒன்று உள்ளே நுழைந்தது. அரசாக இராதிருந்தால் இடம் கிடைத்திராது. அரசாகவே பேசியிருந்தால் சொல்ல ஒன்றுமிராது. இவ்விரட்டை நிலையே அக்கூடத்தின் வலிமையும் தளர்ச்சியும் ஆகும்.

அங்கே சிலுவை இல்லை. இயேசுவின் பெயர் இல்லை. இதைக் கண்டு புராட்டஸ்டண்டார் கடிந்துகொள்வது எளிது. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் பதினேழாம் அதிகாரத்தில் பவுலும் அத்தேனே பட்டணத்து மார்ஸ் மேடையில் படைப்பிலிருந்தே தொடங்கினார். அந்நாட்டுப் புலவரின் சொல்லையும் ஏற்றுக்கொண்டார். தொடங்கிய இடத்தில் குற்றமில்லை. ஆனால் பவுல் அங்கே நிறுத்திக்கொள்ளவில்லை. மரித்தோரிலிருந்து எழுப்பப்பட்ட மனிதர் ஒருவரிடம் வந்தே முடித்தார். அப்போதுதான் சிலர் நகைத்தனர், சிலர் விசுவாசித்தனர். 2013ஆம் ஆண்டுக் கூடத்தைக் கண்டு எவரும் நகைத்திருக்க மாட்டார். மரியாதையாகப் பார்த்துவிட்டு அடுத்த கூடத்துக்குச் சென்றிருப்பர். இடறலற்ற மரியாதை ஓர் அரசுக்குப் போதுமானது. சபைக்கு அது போதுமா?

செலவையும் ஒரு சொல்லால் குறிக்க வேண்டும். கூடத்துக்கு ஏறத்தாழ 7,50,000 யூரோ செலவாயிற்று எனவும், நன்கொடையாளரே அதை ஏற்றனர் எனவும் அப்போது செய்திகள் வெளியாயின. அதே ஆண்டு மார்ச்சில் பதவியேற்ற பிரான்சிஸ், ஏழைகளுக்கான ஏழைச் சபையைத் தாம் விரும்புவதாகக் கூறியிருந்தார். கலைக்குச் செலவிடுவது வீண் என்று நாம் கூறவில்லை. பரிமள தைலத்தைப் பற்றி முறுமுறுத்தவரின் பக்கம் நாம் சேர வேண்டியதில்லை. ஆயினும் அத்தைலம் எவர் பாதத்தில் ஊற்றப்படுகிறது என்று கேட்கும் கடமை நமக்குண்டு.

8. பதினோரு ஆண்டுகளுக்குப் பின்

முதற் கூடத்தின் மதிப்பை அதன் பின்விளைவுகளோடு சேர்த்தே அளக்க வேண்டும். 2015இல் திருப்பீடம் மீண்டும் வந்து, யோவான் முதல் அதிகாரத்தைப் பொருளாகக் கொண்டு, வார்த்தை மாம்சமானதைக் குறித்துப் பேசியது. மொசாம்பிக், கொலம்பியா, மாசிடோனியா நாட்டுக் கலைஞர்கள் பங்கேற்றனர். 2018இல் கட்டடக் கலைக்காட்சியில் சான் ஜார்ஜோ மஜ்ஜோரே தீவின் மரங்களிடையே பத்துச் சிற்றாலயங்களை எழுப்பியது. ஆனால் உண்மையான பதில் 2024ஆம் ஆண்டில் வந்தது என்பது நமது முடிவு.

அவ்வாண்டு கர்தினால் ஹொசே தொலெந்தினோ தெ மெந்தோன்சாவின் பொறுப்பில் திருப்பீடத்தின் கூடம், வெனிசின் ஜுதெக்கா தீவிலுள்ள பெண்கள் சிறையில் அமைக்கப்பட்டது. 'என் கண்களால்' என்பது அதன் பெயர். வருவோர் முன்பதிவு செய்து, கைபேசியை வாயிலிலேயே ஒப்படைத்துவிட்டு நுழைய வேண்டும். சிறைப்பட்ட பெண்களே வழிகாட்டிகளாக நின்று கலைப்படைப்புகளை விளக்கினர். அவர்களுடைய கவிதை வரிகள் எரிமலைக் கற்பலகைகளில் பொறிக்கப்பட்டுச் சுவரில் பதிக்கப்பட்டன. ஏப்ரல் 28ஆம் நாள் போப்பாண்டவர் பிரான்சிஸ் அங்கே சென்றார். அக்கலைக்காட்சிக்கு வந்த முதல் போப்பாண்டவர் அவரே. விண்கல் தாக்கி வீழ்ந்து கிடக்கும் போப்பாண்டவரின் உருவத்தை 1999இல் செய்து பெரும் சலசலப்பை எழுப்பிய மவுரீட்சியோ கத்தெலான், சிறையின் வெளிச்சுவரில் புழுதி படிந்த இரு பாதங்களைத் தீட்டினார்.

2013ஆம் ஆண்டின் முதல் அறையை இதனோடு ஒப்பிடுவோமாக. அங்கும் சிறைப்பட்டோர் இருந்தனர். ஆனால் திரையில், நிழலாக, பார்வையாளர் தொட்டபோது மட்டும் பேசுவோராக இருந்தனர். 2024இல் அவர்கள் இரத்தமும் சதையுமாக நின்று, தாமே வழிநடத்தினர். வந்தவர் கையில் கருவி இல்லை; எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்பதைச் சிறைப்பட்டவரே கூறினர். முதலாவது கூடத்தில் சபை ஒரு நாடாக விருந்தினரை ஏற்றது. பின்னதில் சபையும் விருந்தாளியாயிற்று. மத்தேயு 25ஆம் அதிகாரம் காவலிலிருப்போரைப் படமாக்கச் சொல்லவில்லை, பார்க்க வரச் சொல்கிறது. முதற் கூடத்துக்குத் தெரியாத இவ்வேறுபாட்டைப் பின்வந்த கூடம் கற்றுக்கொண்டது. சிறையின் துன்பமும் காட்சிப்பொருளாகிவிடக்கூடும் என்னும் ஆபத்து அங்கும் இல்லாமலில்லை. ஆயினும் திசை சரியானது.

9. நமக்குரிய பாடம்

நம் சபைகளுக்குக் காட்சிக்கூடமில்லை. அதை நாடவும் வேண்டாம். ஆனால் சுவர்கள் உண்டு. 1522இல் விட்டன்பர்க் நகரில் படங்களை வலிந்து அகற்ற முனைந்தோரை லுத்தர் தம் பிரசங்கங்களால் தடுத்தார். 1524இல் சூரிக் நகரம் தன் ஆலயங்களிலிருந்து அவற்றை ஒழுங்காக அகற்றியது. இவ்விரு மரபுகளின் பிள்ளைகள் நாம். வெள்ளையடித்த சுவரில் ஒரு வசனத்தை எழுதிவிட்டால் வார்த்தைக்கு உரிய கனத்தைச் செலுத்திவிட்டோம் என்று எண்ணுகிறோம். கலைஞரை அழைத்தால், நம் பிரசங்கத்துக்குப் படம் போடவே அழைக்கிறோம். ஆண்டு விழாவின் பின்திரையும் ஞாயிறுபள்ளியின் விளக்கப்படமும் முடிந்தால் அவரை அனுப்பிவிடுகிறோம்.

திருப்பீடத்தின் முதற் கூடம் கற்பிப்பது வேறு. சபை சொல்லிக் கொடுத்ததைக் கலைஞர் காட்ட முயன்ற இடத்தில் கூடம் தளர்ந்தது. கலைஞர் தாம் கண்டதைச் சொல்லச் சபை விட்டுக்கொடுத்த இடத்தில் திருமறையே ஒளி பெற்றது. ஆகவே அருட்பணியாளரும் இறையியல் மாணவரும் கலைஞரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, இதை வரைந்து தருவீர்களா என்பதன்று. நீங்கள் எதைக் கண்டீர்கள் என்பதே. அவர் காட்டுவது வறண்ட ஏரியாக இருக்கலாம், மூடப்பட்ட ஆலையாக இருக்கலாம், கேளாத ஒருவரின் விரல்களாக இருக்கலாம். அதைப் பொறுமையோடு நோக்கக் கற்றபின், அதனருகே திறந்த வேதத்தை வைப்பது நம் பணி. நோக்காமல் திறக்கும் வேதம், மாந்தருக்குப் பதிலாகச் சுவரோடு பேசுவதாகிவிடும்.